ஐந்து டொலரும் வெட்டுத்துணிகளும்

ஹரியட் பவர்ஸ் அம்மையாரின் வாழ்வும் கலையும்

கல்லில் எழுதியவனின் பெயரைக் கல் காத்துத் தரும். ஏட்டில் எழுதியவனின் பெயரை, படியெடுப்பார் உள்ளவரையில், ஏடு காத்துத் தரும். துணியில் எழுதியவளுக்கோ அத்தகைய காவல் எதுவுமில்லை. துணி உடுக்கவும் போர்க்கவும் பிறந்தது. தோய்க்கத் தோய்க்க நிறம் மங்கும். மடித்த இடமெல்லாம் இற்றுப்போகும். ஈற்றில் அடுப்படிக் கந்தையாகி மறையும். உலகெங்கும் பெண்கள் ஊசியாலும் நூலாலும் படைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை படைத்தவளின் பெயரையும் உடன்கொண்டே அழிந்துபோயின.

அவ்வாறு அழியாது தப்பிய போர்வைகள் இரண்டு இன்று அமெரிக்காவில் உள்ளன. ஒன்று வாஷிங்டன் நகரில், அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. மற்றையது பொஸ்டன் நகரின் நுண்கலை நூதனசாலையில் இருக்கின்றது. இரண்டும் ஒரே கையின் ஆக்கங்கள். அக்கை அடிமைத்தனத்திற் பிறந்து, பருத்தி விளைந்த மண்ணிலேயே வாழ்ந்து முடிந்த ஹரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கை. அவர் விட்டுச்சென்ற துணி இரண்டே. ஆயின் அவ்விரண்டும் எவ்வாறு எஞ்சின, யார் சொல்லக்கேட்டு நாம் அவற்றை வாசிக்கின்றோம் என்னும் கதை, கலையையும் கல்வியையும் போற்றுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அடிமைப் பிறப்பு

ஹரியட் 1837ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அவர் பிறந்த இடத்துக்கு அண்மையிலுள்ள நகரத்தின் பெயர் ஏதென்ஸ். கிரேக்க நாட்டின் கல்வித் தலைநகரை நினைந்து இட்ட பெயர் அது. ஜோர்ஜியாப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேதான் அமைந்தது. அறிவின் பெயர் தாங்கிய அந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலே, அறிவு தடுக்கப்பட்ட மக்கள் பருத்தி கொய்துகொண்டிருந்தனர். அடிமைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்தலைக் குற்றமெனக் கொள்ளும் சட்டம் 1829ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜியாவில் நிறைவேறியிருந்தது. ஹரியட் பிறக்கும் முன்னரே, அவர் எழுத்தறியலாகாதென்று அரசு முடிவுசெய்துவிட்டது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு நாம் மீள வேண்டியிருக்கும்.

1855ஆம் ஆண்டில், பதினெட்டு வயதளவில், ஹரியட் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பாரை மணந்தார். குறைந்தது ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். தாய் அடிமையாயின் சேயும் அடிமை என்பதே அக்காலத்துச் சட்டம். ஆகவே விடுதலைக்கு முன் பிறந்த குழந்தைகள், தொட்டிலிற் கிடக்கும்போதே பிறருடைய சொத்துக் கணக்கில் எழுதப்பட்டனர். 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அடிமைமுறை அரசியலமைப்பினாலேயே ஒழிக்கப்பட்டது. அப்போது ஹரியட்டுக்கு வயது இருபத்தெட்டு.

விடுதலை வந்தது, நிலம் உடன்வரவில்லை. முன்பு அடிமைகளாய் உழைத்த அதே வயல்களில் பலர் கூலிகளாயும் வாரக்குடிகளாயும் உழைத்தனர். பவர்ஸ் குடும்பத்தினர் சிறிது சிறிதாக முன்னேறி, 1880களில் நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராயினர். கணவர் பயிர் செய்தார். மனைவி வீட்டுப் பணியும் தையற்பணியும் செய்தார். அடிமையாய்ப் பிறந்தவர்க்கு நான்கு ஏக்கர் சொந்த நிலம் சிறிய சொத்தன்று. ஹரியட் தம் முதற் பெரும் படைப்பைச் செய்தது இந்த நிலத்தில் வாழ்ந்த காலத்திலேயாகும்.

வெட்டுத்துணியின் இலக்கணம்

ஒட்டுப்போர்வை என நாம் ஈண்டுக் கூறுவது, குளிர் நாட்டவர் இரவிற் போர்த்துக்கொள்ளும் தடித்த துணிப் போர்வையை. அது மூன்று படைகளை உடையது. மேலே துண்டுகளால் அமைந்த மேற்சீலை, நடுவிலே பஞ்சுப் படலம், கீழே அடிச்சீலை. மூன்றையும் ஒன்றாக இணைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு தையல்களால் ஊடுருவித் தைத்துவிட்டால், பஞ்சு ஓரிடத்திற் திரளாது பரவி நிற்கும். குளிரும் உள்ளே புகாது. மேற்சீலைக்குப் புதுத்துணி வாங்குவோர் ஏழைகளிற் சிலரே. சட்டை வெட்டிய மிச்சம், பழைய பாவாடையின் கிழியாத பகுதி, மாவு வந்த சாக்கு ஆகிய இவையே அதற்குரிய மூலப்பொருள்கள். பருத்தியைப் பயிரிட்டவர்களும் கொய்தவர்களும் இவர்களே. ஆயினும் அப்பருத்தி துணியாகித் திரும்பி வந்தபோது இவர்களுக்குக் கிட்டியது பெரும்பாலும் ஓரத்தில் வெட்டுண்டு விழுந்த துண்டேயாகும்.

துண்டுகளை இணைக்கும் முறை இருவகைப்படும். சதுரமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டிய துண்டுகளை அருகருகே வைத்து விளிம்போடு விளிம்பு பொருத்துவது ஒருவகை. மனிதர், விலங்கு, விண்மீன் முதலிய உருவங்களாகத் துணியை வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்துச் சுற்றித் தைப்பது மற்றொருவகை. பின்னதற்குக் கண்ணில் உருவமும் கையில் துணிவும் வேண்டும். கத்தரிக்கோல் ஒருமுறை தவறினால் உருவம் சிதைந்துவிடும். ஹரியட் இரண்டிலும் வல்லவர். எனினும், எஞ்சியுள்ள இரு போர்வைகளும் இரண்டாவது வகையைச் சார்ந்தவை. தையலைக் கையாலும் தையல் இயந்திரத்தாலும் அவர் செய்திருக்கின்றார். மேற்கு ஆபிரிக்காவில், இன்று பெனின் எனப்படும் நாட்டில், முன்னாளில் தகோமி அரசர்களுக்காகச் செய்யப்பெற்ற உருவத் துணிகளோடு இப்போர்வைகளுக்கு நெருங்கிய ஒப்புமை உண்டென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கண்காட்சியும் மறுப்பும்

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒரு பருத்திக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஹரியட் அம்மையாரின் வேதாகமப் போர்வை தொங்கவிடப்பட்டிருந்தது. ஜெனி ஸ்மித் என்ற வெள்ளையினப் பெண்மணி அதனைக் கண்டார். அவர் அந்நகரில் லூசி கொப் என்பவரின் பெயரால் விளங்கிய பெண்கள் கல்லூரியில் ஓவிய ஆசிரியை; பாரிஸ் நகரிலும் கலை பயின்றவர். பூவும் கோணமுமாக ஒரேமாதிரி தைக்கப்பட்ட போர்வைகளையே அதுவரை கண்டு பழகிய அவருக்கு, பதினொரு கட்டங்களில் வேதாகமக் கதைகளை உருவங்களாகக் கூறிய இப்போர்வை புதுமையாய்த் தோன்றியது. செய்தவரைத் தேடிச் சென்று கண்டு, கேட்ட விலையைத் தர ஆயத்தமென்றார். ஹரியட் மறுத்துவிட்டார். எந்த விலைக்கும் அது விற்பனைக்குரியதன்று என்பதே அவர் விடையாயிற்று.

இம்மறுப்பின் பெருமையை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. இருபத்தெட்டு ஆண்டுகள் தாமே பிறருடைய உடைமையாக இருந்த ஒருவர், தமக்கே உரிய ஒன்றை விற்க மறுக்கின்றார். தம் உழைப்பின் பயனைத் தாம் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை, அவர் வாழ்வின் நடுப்பகுதியிலேதான் அவருக்குக் கிடைத்தது. அவ்வுரிமையை அவர் அன்று பயன்படுத்தினார்.

ஆயின் வறுமைக்கு உரிமையின் பெருமை தெரியாது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பவர்ஸ் குடும்பத்தின் நிலை தளர்ந்தது. போர்வையை விற்க விரும்புவதாக ஹரியட் சொல்லியனுப்பினார். அப்போது ஆசிரியையின் கையிற் பணமில்லை. பின்னர் அவர் மீண்டும் செய்தி அனுப்ப, ஹரியட் மாட்டு வண்டியிலேறிக் கணவரோடு நகருக்கு வந்தார். மாவுச் சாக்கிற் சுற்றி, அதன்மேல் தூய கோணிப்பையும் போர்த்தி, அப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாரெனக் குறிப்புக் கூறுகின்றது. அவர் கேட்ட விலை பத்து டொலர். ஆசிரியை தம்மால் ஐந்துக்குமேல் தரவியலாதென்றார். ஹரியட் வெளியே சென்று கணவரோடு கலந்து பேசினார். கஷ்ட காலத்தை எண்ணி ஐந்தை ஏற்பதே நன்றெனக் கணவர் கூறினார். போர்வை கைமாறியது.

கொடுத்துவிட்டு அவர் உடனே போய்விடவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டிக்காட்டி, அதில் நிற்போர் யாவர், நிகழ்வது யாது என்று விளக்கினார். ஜெனி ஸ்மித் அவ்விளக்கங்களைக் கேட்டுப் பதினெட்டுப் பக்கங்களில் எழுதிவைத்தார். பின்னரும் பலமுறை ஹரியட் அவ்வீட்டுக்கு வந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் போர்வையைப் பார்த்துச் சென்றார். அதைப் பிரிந்த துயரம் ஓரளவேனும் தணிந்தது, தம் வீட்டில் மிஞ்சும் வெட்டுத்துணிகளையெல்லாம் அவருக்கெனச் சேர்த்துத் தருவதாக ஆசிரியை வாக்களித்தபோதேயாம். ஐந்து டொலர் குடும்பத்தின் பசிக்கு விடை. வெட்டுத்துணியோ கலைஞரின் பசிக்கு விடை. விற்றவர், அடுத்த போர்வைக்கான துணியையும் அன்றே நினைந்திருந்தார் என்பதை இதனால் அறிகின்றோம்.

காலுள்ள பாம்பு

வேதாகமப் போர்வையின் பதினொரு கட்டங்களும் ஏதேன் தோட்டத்திலே தொடங்குகின்றன. ஆதாமும் ஏவாளும் விலங்குகள் சூழ நிற்கின்றனர்; காயீன் ஆபேலைக் கொல்கின்றான்; பின் நோத்து நாட்டுக்குப் பெண்கொள்ளச் செல்கின்றான்; யாக்கோபு கனவு காண்கின்றான். இயேசுநாதரின் திருமுழுக்கு, இறுதி இராப்போசனம், சிலுவைப்பாடு, திருக்குடும்பம் எனக் கதை விரிகின்றது. இராப்போசனக் காட்சியில் ஏனைய சீடர்கள் புள்ளியிட்ட வெண்துணியில் விளங்க, யூதாஸ் மட்டும் மங்கிய நிறத்துணியில் அமர்ந்திருக்கின்றான். அவன் குணத்தின் கறை அவன் உடையிலேயே தெரியட்டும் என்பது ஹரியட்டின் கருத்து. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசு பெற்ற மற்றொரு கட்டத்தில், வட்டங்களாய் வெட்டிய துணிகளே காசுகளாயின. அவற்றுட் பெரிய வட்டமொன்று காசன்று; முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் 1886இல் தோன்றியதாக அவர் நம்பிய விண்மீன் அது. வேதகாலத்துக் காட்சியில் தம் காலத்து வானத்தையும் அவர் தைத்துவிட்டார்.

முதற் கட்டத்தில் ஒரு நுட்பமுண்டு. அங்குள்ள விலங்குகளுள் பாதங்களோடு காட்டப்பட்டது பாம்பு ஒன்றே. கால் இல்லாத பிராணிக்கு மட்டும் கால் வைத்திருக்கின்றாரே என்று ஜெனி ஸ்மித் தம் குறிப்பில் வேடிக்கை தோன்ற எழுதினார். ஆனால் ஆதியாகமத்தை ஊன்றி வாசித்தவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. வயிற்றினால் ஊர்ந்து திரிய வேண்டும் என்ற சாபம் பாம்புக்குக் கிடைத்தது ஏவாளை வஞ்சித்த பின்னரே. வஞ்சிக்கும் வேளையில், சாபம் பெறாத அப்பாம்புக்குக் கால் இருந்திருக்க வேண்டும் என்பது தருக்கத்துக்கு ஒத்த முடிபு. படித்த ஆசிரியை பிழையெனக் கண்டு புன்னகைத்த இடத்தில், தைத்த பெண்மணி நூலை நுணுகி அறிந்தே தைத்திருக்கின்றார் எனக் கொள்வதே பொருந்தும்.

விண்மீன் விழுந்த இரவு

1895ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் பருத்தி மாநிலங்களின் சர்வதேசக் கண்காட்சி நிகழ்ந்தது. ஜெனி ஸ்மித் வேதாகமப் போர்வையை அங்கே காட்சிக்கு அனுப்பினார். கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெண்மணிகள் அதைக் கண்டு வியந்து, மற்றொன்று செய்து தருமாறு கேட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. 1895க்கும் 1898க்கும் இடையில் உருவான இரண்டாம் போர்வை இதுவே. 1898இல் அப்பெண்மணிகள் இதனைச் சாள்ஸ் கத்பேட் ஹோல் என்ற மதகுருவுக்குப் பரிசளித்தனர். அவர் அப்பல்கலைக்கழகத்தின் அறங்காவலருள் ஒருவர். நியூயோர்க்கிலுள்ள புகழ்பெற்ற இறையியற் கல்லூரியின் தலைவர். 1902-03ஆம் ஆண்டுகளில் கீழைநாடுகளில் சமயச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, இந்தியாவிலும் யப்பானிலும் பேசிய அவர், நம் இலங்கையிலும் சொற்பொழிவாற்றினார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் போர்வையில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் பதினைந்து கட்டங்கள் உள்ளன. தம் பகைவருக்காக மன்றாடும் யோபு, திமிங்கிலத்தின் வாயில் யோனா, மோசே உயர்த்திய சர்ப்பம் ஆகிய வேதாகமக் காட்சிகளோடு, நாட்டு மக்கள் நினைவிற் பதிந்த உண்மை நிகழ்ச்சிகளும் இதில் இடம்பெற்றன. 1780ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி, வடகிழக்கு அமெரிக்காவில் நண்பகலில் வானம் இருண்டது. காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணமென இன்றைய அறிவியலாளர் கூறுவர். மாடுகள் தொழுவம் தேடியதும் கோழிகள் அடைந்ததும் ஹரியட்டின் விளக்கத்தில் உள்ளன. 1833ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி இரவு, வானத்திலிருந்து எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. உலகம் முடிந்தது என்று மக்கள் அஞ்சினர். காட்டு விலங்குகள் வளைகளைவிட்டு ஓடின. ஆண்டவர் கைநீட்டி விண்மீன்களைத் தடுத்தார் என்பது அவர் தரும் முடிவு.

ஹரியட் பிறந்தது அவ்விரவுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து. அவர் கண்ணாற் காணாத அவ்விரவைக் கேட்டே அறிந்தார். பிறந்த நாள் எழுதிவைக்கப்படாத அடிமை மக்கள் பலர், விண்மீன் விழுந்த ஆண்டை அடையாளமாகக் கொண்டே தம் வயதைக் கணித்தனர். அவர்களுக்கு அது வானியல் நிகழ்ச்சி மட்டுமன்று, நாட்காட்டியுமாகும். வரலாற்று நூலில் இடம்பெறாத மக்கள் தம் வரலாற்றை வானத்தில் குறித்துவைத்தார்கள். அதை ஹரியட் துணிக்கு இறக்கித் தந்தார்.

1895 பெப்ரவரியில் தென்மாநிலங்களை வாட்டிய கடுங்குளிரும் ஒரு கட்டத்தில் உண்டு. வேண்டுதல் செய்தபடியே உறைந்த பெண், மாச்சாக்கோடு உறைந்த ஆண், மதுச்சாடியருகே உறைந்த மற்றொருவன், கோவேறு கழுதையின் மூச்சிலிருந்து தொங்கும் பனிக்கூர் என்பன அதில் நிறைந்துள்ளன. பக்தரையும் குடிகாரரையும் குளிர் ஒருதன்மையாகவே கொன்றது.

இன்னொரு கட்டம் இறையறிவு ஊட்டப்பெறாத செல்வரைப் பற்றியது. அதன் கீழே பெரியதொரு பன்றி நிற்கின்றது. ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியாவரை 500 மைல் தன்னிச்சையாக ஓடிய பெட்ஸ் என்னும் பெயருடைய பன்றி அது என்பது ஹரியட்டின் விளக்கம். ஜோர்ஜியாவுக்கு வடக்கே உள்ளது வேர்ஜினியா. அடிமைகள் தப்பியோடிய திசையும் வடக்கே. ஆகவே இப்பன்றி விடுதலை தேடி ஓடியோரின் மறைமுக உருவமெனச் சில ஆய்வாளர் கொள்வர். அவ்வாறு கொள்ளாதவர்க்கும் ஒன்று புலனாகும்: போர்வையிலுள்ள விலங்குகளுள் மிகப் பெரியதாக அவர் வெட்டியது சிங்கத்தையுமன்று, யானையையுமன்று, யாருக்கும் அடங்காது ஓடிய ஒரு பன்றியையே.

கடைசி ஆண்டுகள்

புகழ் போர்வைகளுக்குக் கிட்டியது. செய்தவரின் வீட்டுக்கு வரவில்லை. 1890களில் நான்கு ஏக்கர் நிலமும் பகுதி பகுதியாக விலைப்பட்டது. கணவரும் அவரைப் பிரிந்து சென்றார். ஹரியட் தையல் வேலை செய்து தனித்து வாழ்ந்தார். அவருடைய புகைப்படமாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே. அதில் அவர் நிமிர்ந்து நிற்கின்றார். மேலே கட்டிய முன்துணியில் விண்மீன் முதலிய வானுருவங்கள் தைக்கப்பட்டுள்ளன. 1910ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் காலமானார். ஏதென்ஸ் நகரில் கறுப்பின மக்களுக்கென அமைந்த மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். மயானம் காடுபற்றிப்போக, கல்லறையின் இடமும் மறந்துபோயிற்று. 2005ஆம் ஆண்டிலேதான் அவரது கல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அவர் இறந்த ஆண்டைக்கூட நூல்கள் தவறாகவே குறித்துவந்தன.

ஓர் கடிதம்

இனி, நாம் முன்னர் மனத்தில் இருத்துமாறு கேட்ட செய்திக்கு வருவோம். ஹரியட் எழுத்தறிவில்லாதவர் என்பதே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. கோயிலிற் கேட்ட பிரசங்கங்களை நினைவிற்கொண்டு, கல்லாத மேதையொருத்தி உள்ளுணர்வினாற் தைத்த போர்வைகள் இவை என்பது பலரும் ஏற்ற கதை. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அவருக்கு நீதி செய்யாத கதை.

2009ஆம் ஆண்டில் கைரா ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூல் இதனை மாற்றியது. போர்வையைப் பற்றி அறிய விரும்பிய அயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்கு 1896இல் ஹரியட் கடிதமொன்று எழுதியிருந்தார். பெற்றவர் எடுத்துவைத்த படி எஞ்சியிருந்தது. தம்மை அடிமையாக வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளின் உதவியால் வாசிக்கக் கற்றதையும், பின்னர்த் தாமே வேதாகமத்தைப் பயின்றதையும் ஹரியட் அதிற் தெரிவிக்கின்றார். சட்டம் மூடிய கதவைக் குழந்தைகள் திறந்துவிட்டார்கள். தாம் செய்த வேறு போர்வைகளையும் அவர் குறிப்பிடுகின்றார். 1882இல் செய்த இராப்போசனப் போர்வை 2,500 சாய்சதுரத் துண்டுகளால் ஆனதாம். அப்போர்வை இன்று எங்குமில்லை.

இக்கடிதத்தின் பின்னர், காலுள்ள பாம்பு புதிய பொருள் பெறுகின்றது. தாமே வேதாகமத்தை வாசித்த ஒருவர், வாசித்ததை எண்ணிப்பார்த்து, தம் விளக்கத்தைத் துணியில் தந்தார். உள்ளுணர்வென்று பெயரிட்டு நாம் பாராட்டியது, உண்மையிற் கல்வி.

போர்வைகளின் பயணம்

ஜெனி ஸ்மித் 1946இல் காலமாகும்வரை வேதாகமப் போர்வையைப் பேணினார். அவருடைய உடைமைகளைப் பொறுப்பேற்றவர், 1960களின் இறுதியில் அதனைத் தேசிய நூதனசாலைக்கு வழங்கினார். இரண்டாம் போர்வையை 1960இல் ஹோல் குருவின் மகனிடமிருந்து மக்சிம் கரோலிக் என்ற கலைப்பொருட் சேகரிப்பாளர் வாங்கினார். அவருடைய மரண சாசனத்தின்வழி 1964இல் அது பொஸ்டன் நூதனசாலையை அடைந்தது. 1992இல் தேசிய நூதனசாலையின் அனுமதியோடு, வேதாகமப் போர்வை உட்படச் சில பழம் போர்வைகளின் நகல்கள் சீனாவிற் செய்விக்கப்பட்டு மலிவான விலைக்குச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் போர்வைக் கலைஞர்கள் திரண்டு எதிர்த்தனர். ஐந்து டொலருக்கு ஒருமுறை கைவிட்ட உழைப்பை இரண்டாம் முறையும் மலிவாக்குவதா என்பதே அவர்கள் மனக்குறையின் சாரம் எனலாம். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் பொஸ்டன் நூதனசாலை நடத்திய போர்வைக் கண்காட்சியில் இரு போர்வைகளும் முதன்முறையாக ஒரே இடத்தில் ஒருங்கே வைக்கப்பட்டன. அன்றைக்கு அவற்றைப் படைத்தவர் மறைந்து நூற்றுப்பதினொரு ஆண்டுகளாகியிருந்தன.

விலையும் மதிப்பும்

ஜெனி ஸ்மித்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? கேட்ட பத்தில் பாதியையே கொடுத்தார் என்பது உண்மை. வெள்ளையின மேட்டுக்குடியின் பார்வை அவர் குறிப்பில் இல்லாமலில்லை என்பதும் உண்மை. ஆயின் ஊரார் கண்டு கடந்துபோன கண்காட்சியில் அவர் நின்று பார்த்தார், செய்தவரைத் தேடிச்சென்றார், சொன்னதைப் பொறுமையோடு பதினெட்டுப் பக்கம் எழுதினார், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துணியைப் பூச்சி அரியாது காத்தார். அவர் இல்லையேல் வேதாகமப் போர்வையும் இராப்போசனப் போர்வை போன வழியே போயிருக்கும். குறையைச் சொல்வதற்காக நன்றியை மறைத்தலும், நன்றி சொல்வதற்காகக் குறையை மறைத்தலும் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று.

எனினும், ஈற்றில் இப்போர்வைகளைக் காத்த முதற் செயல் ஹரியட்டினுடையதே. துணியை ஒப்படைத்த அன்று அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு வண்டியேறியிருந்தால், நமக்கு எஞ்சியிருப்பது மங்கிய உருவங்கள் மட்டுமே. பன்றியின் பெயரும், உறைந்த மனிதரின் கதையும், யூதாசின் காலடியில் நிற்கும் விண்மீனும் நமக்குத் தெரியவந்திரா. விற்பதற்கு வறுமை அவரைக் கட்டாயப்படுத்தியது. விளக்குவதற்கு எவரும் கட்டாயப்படுத்தவில்லை. தம் படைப்பின் பொருளைத் தாமே சொல்லவேண்டுமென்ற உறுதி அவரிடம் இருந்தது. இரண்டாம் போர்வையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் தந்ததும், முன்பின் அறியாத ஒருத்திக்குக் கடிதம் எழுதியதும் அவ்வுறுதியின் பயன்களே.

கிராமத்துப் பாட்டிமாரின் கைவேலையைப் பற்றி எழுதப்புகும் மாணவர்களுக்கும், எழுதத் தூண்டும் ஆசிரியர்களுக்கும் இவ்வாழ்வு ஒரு பாடம் தருகின்றது. பொருளைச் சேகரிப்பது பாதி வேலை. செய்தவர் உயிரோடிருக்கையில் அவரருகே அமர்ந்து, பெயரைக் கேட்டு, பொருளைக் கேட்டு, பிழையெனத் தோன்றுவதன் காரணத்தையும் கேட்டு எழுதிவைப்பதே மறுபாதி. நாம் அறியாமை என்று கருதும் இடத்தில் பாம்பு ஒன்று கால்களோடு நின்றுகொண்டிருக்கக்கூடும்.